அம்மாவின் டிரெய்லரை இழுக்க ஒரு வண்டி

அக்டோபர் 8, புதன்

அம்மாவின் டிரெய்லர் வீட்டின் எடையைத் தப்பாகக் குறித்து வைத்திருக்கிறேன். விற்பனைத் தாளில் இருந்த எண்ணை அப்படியே எழுதிவிட்டேன். அது உள்ளே ஒரு கரண்டிகூட இல்லாமல் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்றைய எடை. அதை நம்பித்தான் இத்தனை நாளும் ஒவ்வொரு பிக்கப்பையும் பொருந்தும், பொருந்தாது என்று தரம் பிரித்தேன். நானாகவே தவற்றைக் கண்டுபிடித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் பிக்கப்பின் பின்புறம் தரையைப் பார்த்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

நிலவரம் இதுதான். அப்பாவின் நுரையீரல் முழுக்கத் தானியத் தூசி. குளிர் இறங்குவதற்குள் அவரை நெப்ராஸ்காவிலிருந்து கிளப்பி, அரிசோனாவில் யூமாவிலிருக்கும் சித்தி வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் டிரெய்லரை நிறுத்திக்கொண்டு அம்மாவும் அப்பாவும் மார்ச் வரை அதிலேயே இருப்பார்கள். வெளியே போய்வரச் சித்தியின் கார் இருக்கிறது. டிரெய்லரை இழுத்துக்கொண்டு போவது நான். திரும்பி வந்து, அதே வண்டியில் தினமும் கால்நடை ஆஸ்பத்திரி வேலைக்கும், செவ்வாய் வியாழன் மாலைகளில் கணக்கியல் வகுப்புக்கும் போக வேண்டியவளும் நான். பழைய பிக்கப் ஆகஸ்டில் எஞ்சின் போய் நின்றுவிட்டது. ஆக, ஒரே வண்டி, இரண்டு வேலை. தப்பான வண்டியை எடுத்தால் அப்பா மலைப்பாதையில் மாட்டிக்கொள்வார், இல்லையென்றால் என் வகுப்பு போகும்.

அப்பா டீசல் பிக்கப் கட்சி.

"டீசலை எடு, கென்ட்ரா. மத்ததெல்லாம் ஆபீஸ் போறவன் ஓட்டுற வண்டி."

"நானும் ஆபீஸ்தாம்ப்பா போறேன்."

"நீ போறது மாட்டாஸ்பத்திரி."

அந்த டீசலைச் சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தேன். பின்னால் பாரம் இல்லாவிட்டால் சாலையின் ஒவ்வொரு விரிசலும் பல்லில் வந்து இடிக்கிறது. கல்லூரி வாசலில் இரண்டு கார் நிற்கிற இடம் கேட்கிறது. தினமும் அதில் போய்வருவதை நினைத்தாலே முதுகு வலித்தது. எனக்குப் பிடித்தது அதைவிடச் சிறிய சாம்பல் நிற பிக்கப். சாவியைக் கையில் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப் போய் இழுத்துப் பார் என்றான் விற்பனைக்காரன் ட்ராய். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். "கண்ணை மூடிட்டு இழுக்கும்" என்றான். கண்ணைத் திறந்துகொண்டு இழுத்தாலே போதும் என்று பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு எதுவும் நேரத்துக்கு வராது.

இன்று மதியம் வேலை முடிந்து வந்து டிரெய்லரைக் கொக்கியில் மாட்டினேன். அம்மா பின்னால் நின்று கை காட்டினாள். டிரெய்லரின் முன்பாரத்தைத் தாங்கி நின்ற முட்டுத் தூணை மேலே ஏற்றியதும் பிக்கப்பின் வால் இறங்கியது, மூக்கு வானத்தைப் பார்த்தது.

"அம்மா, இது என்ன இப்படிக் குந்துது?"

"புது வண்டியில்ல, அப்படித்தான் இருக்கும்" என்றாள் அம்மா. சொல்லும்போது அவள் வண்டியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். ஓட்டுநர் கதவைத் திறந்து, சட்டத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் படித்தேன். எவ்வளவு இழுக்கும் என்பது ட்ராயின் பளபளப்பான தாளில் இருந்தது. முதுகில் எவ்வளவு தாங்கும் என்பது இந்தச் சீட்டில்தான் இருக்கிறது. கொக்கியில் அமரும் பாரம், நான், அம்மா, அப்பா, ஆக்சிஜன் இயந்திரம், நாய் எல்லாம் அந்தக் கணக்கில் அடங்க வேண்டும். டிரெய்லரின் உண்மையான எடை தெரியாமல் மேற்கொண்டு யோசிக்க முடியாது.

கூட்டுறவுத் தானியக் கிடங்கின் எடை மேடைக்கு ஓட்டிப் போனேன். கழித்துப் பார்க்க வசதியாக, முதலில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு வெறும் பிக்கப்பை அங்கே நிறுத்தி எடை எடுத்து வந்திருந்தேன். சோள அறுவடை நேரத்தில் டிரெய்லரோடு அந்த வரிசையில் போய் நிற்பது கோயில் ஆராதனைக்கு நடுவே தொலைபேசி அடிக்கிற மாதிரி. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரனைத் தட்டினார்கள். மேடையைப் பார்த்துக்கொள்ளும் ரோண்டாவின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"கென்ட்ரா, ஈரப்பதம் பாக்கணுமா? எத்தனை மூட்டை சோளம் இருக்கு உள்ள?"

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். நான் ஜன்னலை இறக்கி, "எடை மட்டும் போதும்" என்றேன்.

"எடையா? உங்க அம்மா வீட்டையே பேத்து உள்ள வச்சிருக்காளா, கண்ணு? எண்ணைப் பாரு."

பார்த்தேன். கழித்தேன். என் கழித்தல் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. வகுப்பிலும் அங்கேதான் மதிப்பெண் போகிறது. ரோண்டாவையும் கழிக்கச் சொன்னேன். விடை மாறவில்லை. விற்பனைத் தாளில் இருந்ததைவிட ஏறக்குறைய ஒரு டன் அதிகம்.

"இதை அந்தக் குட்டி வண்டில இழுத்துட்டு மலை ஏறாதே" என்றாள் ரோண்டா. இந்த முறை கேலி இல்லை. "வாலு உன்னை ஓட்டும், நீ வண்டிய ஓட்ட மாட்டே. வேணும்னா எங்க வீட்டுக்காரரு கேரியக் கேளு. மாட்டு டிரெய்லர் இழுக்கிற வண்டி சும்மாத்தான் நிக்குது."

வீட்டுக்கு வந்ததும் டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். திறந்து பார்த்தேன், காலி. கழிவுத் தொட்டியும் காலி. பிறகு டிரெய்லருக்குள் அறை அறையாகப் போனேன். சாப்பாட்டு இருக்கைக்கு அடியில் தையல் இயந்திரம். அலமாரியில் துண்டு துண்டாகச் சுற்றி அடுக்கிய கல்யாணப் பீங்கான் தட்டுகள். கட்டிலைத் தூக்கினால் கீழே பெட்டி பெட்டியாகக் கண்ணாடி ஜாடிகள். அவற்றின் நடுவே, ஆகஸ்டில் தக்காளியை ஜாடியில் அடைக்க அம்மா எடுக்கும் பெரிய பிரஷர் பாத்திரம்.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அப்பா மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"மார்ச்சுல திரும்பி வர்றவங்களுக்கு ஆகஸ்ட் பாத்திரம் எதுக்கும்மா?"

"அங்கயும் தக்காளி விளையுது" என்றாள் அம்மா.

"அம்மா."

"நான் அப்பவே சொன்னேன், ஜாடிய விட்டுடு ஆர்லிஸ்னு" என்றார் அப்பா. "கேட்டாத்தானே. ஜாடிதான் காட்டிக் குடுத்துச்சு."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "டாக்டர் போன மாசமே சொல்லிட்டாரு. இன்னொரு அறுவடைத் தூசிய உங்கப்பா மூச்சு தாங்காதுன்னு. குளிர்காலம் மட்டும் இல்ல, கென்ட்ரா. இங்க இனிமே வேண்டாம்னுட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ படிப்ப விட்டுட்டு எங்க பின்னாடியே வந்துடுவே. ஏற்கெனவே ஒரு தடவ விட்டவதானே, ரெண்டாவது தடவையும் விடுவே."

அவள் சொன்னது சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. அநேகமாகச் சரிதான்.

"போய் இறங்கினப்புறம் மெதுவாச் சொல்லலாம்னு இருந்தோம்" என்றார் அப்பா. இவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கியது. "வீடு உனக்குத்தான். கொட்டகைக் கதவ மட்டும் பனி விழறதுக்குள்ள சரி பண்ணிடு."

கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மதியமெல்லாம் கொக்கியோடும் லாரிகளோடும் மல்லுக்கட்டியதில் கோபப்படத் தெம்பு இல்லை. பிரஷர் பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி கணக்கை எடுத்தேன்.

ஜாடிகளையும் தட்டுகளையும் இறக்கிவிட்டால் சாம்பல் நிறம் தாங்கிவிடும். முதலில் அப்படித்தான் யோசித்தேன். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். இனி வாழப்போகிற வீட்டுக்கு அவள் தட்டுகளைக் கொண்டுபோகிறாள். அவற்றை இறக்கச் சொல்ல நான் யார்? எல்லாம் ஏறட்டும் என்றால் டீசல் வேண்டும். அப்போதுதான் உறைத்தது. திரும்ப இழுத்து வரவேண்டியது இல்லை. மார்ச்சிலும் இல்லை, அடுத்த அக்டோபரிலும் இல்லை. இந்த டிரெய்லர் ஒரே ஒரு தடவை போகிறது. அதற்காக நான் வருடம் முழுக்க ஒரு பிக்கப்பை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

"அப்போ எந்த வண்டிதான் எடுக்கப் போறே?" என்று அப்பா கேட்டார்.

"ரெண்டும் வேணாம்ப்பா. கேரி வண்டி இழுக்கட்டும். நானும் கூட வந்து உங்கள விட்டுட்டுத் திரும்பிடறேன். எனக்கு ஒரு சின்ன கார் போதும்."

"காரா!" என்றார். எங்கள் வீட்டில் யாரும் கார் வைத்திருந்ததில்லை. "காருக்குள்ள கன்னுக்குட்டி ஏறாதே."

"நான் மாட்டாஸ்பத்திரி ஆபீஸ்லதான் உக்காந்திருக்கேன்."

அம்மா சிரித்தாள். பிறகு சீவிய கிழங்கையே எடுத்துத் திரும்பச் சீவ ஆரம்பித்தாள். உருளைக்கிழங்கில் உப்பு இல்லை. மூவருமே தட்டைக் காலி செய்தோம்.

சாப்பிட்ட பிறகு பிரஷர் பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். ஆடாமல் இருக்க ஒரு பழைய போர்வையைச் சுற்றினேன். கனமான பெட்டிகளைச் சக்கர அச்சுக்கு மேலே வருமாறு நகர்த்தினேன். இரண்டு பக்கமும் பாரம் சமமா என்று சரியாகத் தெரியவில்லை. கேரி வந்தால் ஒருமுறை பார்க்கச் சொல்ல வேண்டும்.

நாளை வியாழன். காலையில் வேலைக்குப் போகும் வழியில் ட்ராயிடம் சாம்பல் நிற பிக்கப்பைத் திருப்பிக் கொடுத்து, ஓட்டிப் பார்க்க ஒரு சின்ன கார் கேட்க வேண்டும். மதியம் கேரிக்குப் போன் செய்து எந்த நாள் புறப்படலாம் என்று கேட்க வேண்டும். மாலையில் வகுப்பு.