கை வருவதற்குள்

எல்லாரும் விறைத்துப்போய் இருக்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு வேண்டியது இது இல்லை.

மனசுக்குள் சொல்லிக்கொண்டே அவள் கேமராவுக்குள் பார்த்தாள். சோபாவின் நடுவில் மாமியார், வாயைப் பூட்டிச் சாவியை விழுங்கியவர் போல. முன்பல் விழுந்த நாளிலிருந்து அப்படித்தான். சிரிப்பு வருவதற்குள் கை வந்து வாயை மூடிவிடும். கொடியிலிருந்து நழுவும் துண்டு, குக்கர் விசிலுக்குத் திடுக்கிடும் பூனை எல்லாம் அவள் கேமராவில் சிக்கியிருக்கின்றன. இந்தச் சிரிப்பு மட்டும் சிக்கவில்லை. எத்தனை முறை முயன்றாலும் படத்தில் விரல்கள்தான் மிஞ்சும்.

"அடுப்புல பால் பொங்கினாக்கூட இவளுக்குத் தெரியாது," என்றான் கணவன். "வெளிச்சம் பொங்குதான்னு பாத்துட்டு நிப்பா."

"அண்ணி, எனக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு," என்றாள் நாத்தனார்.

ஒரு படம் எடுத்தாள். "ஆச்சு, எந்திரிக்கலாம்."

அப்படிச் சொன்ன பிறகுதான் அவளுக்கு வேலையே ஆரம்பம். கேமராவை இறக்குவது போல நெஞ்சருகே கொண்டுவருவாள். கேமரா பட்டனிலிருந்து விரலை மட்டும் எடுக்கமாட்டாள். எத்தனை தடவை ஏமாந்தாலும், 'ஆச்சு' என்றதும் இந்த வீட்டில் எல்லாருக்கும் தோள் தளர்ந்துவிடும்.

நாத்தனாரின் கணவர், தொப்பை தெரியாமல் இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டார். சட்டைப் பொத்தான் தெறித்து மாமியார் மடியில் விழுந்தது.

"பத்திரமா வெச்சுக்குங்க அத்தை," என்றார் அவர். "என் மானம் அது."

மாமியார் தலையைச் சாய்த்துச் சிரித்தார். கை கிளம்பியது. அவள் விரல் முந்திக்கொண்டது.

திரையில் தொண்டை வரை திறந்த சிரிப்பு. பல் போன இடம் ஒரு சின்ன ஜன்னல் போல. கை இன்னும் பாதி வழியில். கிடைச்சுட்டீங்க அத்தை, என்று உள்ளே கூவினாள். உள்ளங்கால் வரை சிலிர்த்தது.

"ஐயோ அண்ணி, ஓட்டை தெரியுது. அழிச்சிடுங்க."

மாமியார் கேமராவை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். கை வாய்க்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு தானாக இறங்கியது.

"யாருடி இவ, இவ்வளவு சந்தோஷமா இருக்கா?"

"நீங்கதான் அத்தை."

"நானா?" கேமராவைத் திருப்பித் தரவில்லை. "பெருசாப் போட்டு ஹால்ல வை."

"வர்றவங்க எல்லாம் பாப்பாங்கம்மா," என்றான் கணவன்.

"பின்ன, கண்ணை மூடிக்கிட்டா வருவாங்க?"

நாத்தனார் வீட்டார் கிளம்பிய பிறகு அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். சிரிப்பு திரை முழுக்க விரிந்தது. கணவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

"ஒரே ஒரு பல்லு. நீ நெனச்சா நிமிஷத்துல வெச்சுடலாம். அம்மாவுக்கே தெரியாது."

அவள் பாதி வழியில் நின்றிருந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

"வேண்டாங்க," என்றாள், திரும்பாமலே.