மின்விசிறி நிற்கும் அறை

ஞானையாவுக்குத் தான் விழுங்கும் மாத்திரைகளில் எது எதற்கு என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வந்ததில்லை. காலையில் டிபன் முடிந்ததும் கையை நீட்டுவார். ஜெயசீலி மாத்திரைகளை வைப்பாள். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு நாளிதழை எடுத்துக்கொள்வார். ரயில்வேயில் பெரிய பெரிய கோப்புகளைக் கட்டி மேய்த்த மனுஷர், தன் உடம்பின் கோப்பை மட்டும் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்.

டாக்டரிடம் போனாலும் அப்படித்தான். "தூக்கம் எப்படி?" என்று டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்டால், "பரவாயில்லை டாக்டர், நடுவுல எழுந்துக்கிறார்" என்று ஜெயசீலி சொல்வாள். "மூச்சு வாங்குதா?" என்றால், "மாடிப்படி ஏறினா மட்டும்" என்பாள். ஞானையா இருவரையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டுவார். அஸ்தினாபுரத்துச் சபையில் அவர்களைப் பற்றி ஒரு கேலி உண்டு: சாருக்கு வயிறு வலித்தால் டீச்சர்தான் முதலில் "ஆ" என்பார்களாம். ஜெயசீலிக்கு அந்தக் கேலி உள்ளுக்குள் இனிக்கும்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோதுதான் அந்த ஏற்பாட்டுக்குக் கேடு வந்தது.

மருத்துவமனைக்குப் போய் மெஷினில் படுப்பது ஒரு வழி. வீட்டிலேயே செய்துகொள்வது இன்னொரு வழி என்றார் டாக்டர். வயிற்றில் ஒரு குழாய் வைத்துவிடுவார்கள். அதன் வழியாகப் பையிலிருந்து மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, கழிவோடு சேர்த்து வேறு பையில் வடிக்க வேண்டும். தினமும் சில முறை. சுத்தம் முக்கியம், கிருமி உள்ளே போனால் ஆபத்து. "சொல்லிக்கொடுக்க ஒரு சிஸ்டர் இருக்காங்க" என்றார். ஜெயசீலி யோசிக்கவே இல்லை. வீட்டிலேயே என்றாள். வீட்டில் என்றால் அது தன் வேலைதானே என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த சிஸ்டரின் பெயர் ஜெரூஷா. பெருங்களத்தூர்ப் பெண். ஜெயசீலி வேலை பார்த்த பள்ளியில் படித்திருந்தால் கடைசி செட்டில் வந்திருப்பாள், அவ்வளவுதான் வயது. ஒரு துணிப் பொம்மையின் வயிற்றில் குழாயை மாட்டி எல்லாவற்றையும் செய்து காட்டினாள். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"சார், பையை மாட்டறதுக்கு முன்னாடி முதல்ல என்ன செய்வீங்க?"

"கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தணும்" என்றாள் ஜெயசீலி.

"ஏன் சார் ஃபேனை நிறுத்தணும்?"

"தூசி பறக்கும்ல" என்றாள் ஜெயசீலி.

ஜெரூஷா சிரித்துக்கொண்டே திரும்பினாள். "அம்மா, ப்ளீஸ். வயிறு சாரோடது. சார் சொல்லட்டும்."

ஜெயசீலி வாயை மூடிக்கொண்டாள். ஞானையா தொண்டையைச் செருமினார். வழக்கம்போல மனைவியின் முகத்தைப் பார்த்தார். அங்கே எதுவும் கிடைக்காமல் போகவே, பொம்மையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். கதவு, மின்விசிறி, முகமூடி, முழங்கைவரை சோப்பு, பையில் தேதி, ஓட்டை இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பது. ஒன்றும் விடவில்லை.

"சூப்பர் சார்!" என்று கை தட்டினாள் ஜெரூஷா.

ஞானையா சிரித்தார். பதவி உயர்வு வந்த நாளில்கூட அந்தச் சிரிப்பை ஜெயசீலி பார்த்ததில்லை. முகம் முழுக்கப் பரவி, காதுவரை சிவந்த சிரிப்பு. அடுத்த நாள் பயிற்சிக்கு அவள் போகவில்லை. வீட்டில் வேலை இருக்கிறது என்றாள். வீட்டு ஆள் ஒருவராவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஜெரூஷா சொல்லியனுப்பினாள். போனில் கூப்பிட்டாள். வகுப்பில் நின்றே வாழ்க்கையைக் கழித்தவள், ஒரு சின்னப் பெண்ணின் முன்னால் பெஞ்சில் போய் உட்காருவதா? முட்டி வலி என்றாள்.

மகன் எபி பெங்களூருக்குப் போனபின் காலியாகக் கிடந்த அறை ஞானையாவின் அறையானது. மருந்துப் பெட்டிகள் சுவரோரம் மேல்கூரையைப் பார்க்க ஏறின. வேளை வந்தால் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். மின்விசிறி நிற்கும். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். அப்புறம் ஒன்றும் கேட்காது. தன் வீட்டுக்குள்ளேயே தான் போகக்கூடாத ஓர் இடம் முளைத்துவிட்டதைப் பார்த்தபடி ஜெயசீலி கூடத்தில் கீரை ஆய்வாள்.

ஒன்றும் கேட்காமல் இருந்தாலும் பரவாயில்லை. சில நாள் ஸ்பீக்கரில் ஜெரூஷாவின் குரல் கேட்கும்.

"சிஸ்டர், உள்ள போனதைவிட வெளிய வந்தது ஜாஸ்தி."

"வெரி குட் சார். கால் வீக்கம்?"

"அமுக்கிப் பார்த்தேன். குழி விழல."

அந்தக் காலை ஜெயசீலி எத்தனை வருஷம் தைலம் தேய்த்து அமுக்கியிருக்கிறாள்! அதில் குழி விழுகிறதா என்று அவர் வேறொருத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று சட்னிக்கு மிக்ஸி தேவைக்கு மேல் ஓடியது.

சாப்பாட்டு மேஜைக்கும் அந்தப் பெண் வந்துவிட்டாள்.

"சீலி, குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல்."

"யாரு சொன்னது? உங்க டீச்சரா?"

"என் நாக்கு சொல்லுது."

"இத்தனை நாள் உங்க நாக்கு லீவுல இருந்துச்சோ?"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரத்த அழுத்தத்தைச் சொல்லி அவள் நிறுத்திவைத்திருந்த முட்டை, வெள்ளைக்கருவாகத் திரும்பி வந்தது. புரதம் வேண்டுமாம். அவரே வேகவைத்து, அவரே உரித்து, மஞ்சளை எடுத்துத் தனியாக வைத்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் நாலைந்து ஆண்களை நிறுத்திவைத்து, சிறுநீரகம் என்ன வேலை செய்கிறது என்று கையை ஆட்டி விளக்கினார். அவரை அப்படிப் பேசிப் பார்த்தவர்கள் சபையில் யாருமில்லை. பாடகர் குழுவில் இருந்த ஆஷா வந்து ஜெயசீலியின் தோளில் இடித்தாள்.

"என்ன டீச்சர், சார் இப்ப டாக்டர் ஆயிட்டாரு. உங்களுக்கு ரிட்டயர்மெண்ட்டா?"

"ஆமாம்மா. பென்ஷன்தான் இன்னும் வரல" என்றாள் ஜெயசீலி. வீடு வரும்வரை அவரோடு பேசவில்லை.

தன் பொறாமை அசிங்கமானது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பெண்மேல் தப்பான எண்ணம் ஏதும் இல்லை; மகள் வயசு. ஆனால் அவருடைய வயிறும் காலும் மூச்சும் இதுவரை அவளுக்கு மட்டும் தெரிந்த ஊராக இருந்தன. இப்போது அங்கே அவரே குடியேறிவிட்டார். சாவியை வேறொருத்தி எடுத்துக்கொடுத்திருந்தாள்.

மே மாதம். அனல் அடித்த ஒரு முற்பகலில் ஞானையா இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்றார்.

"போன் பண்ணிக் கேளுங்க, உங்க சிஸ்டரை."

"பை தெளிவா இருக்கு சீலி. காலையிலயும் படிச்சுப் பார்த்தேனே."

அது ஜெரூஷா கற்றுக்கொடுத்த சோதனை. வயிற்றிலிருந்து வடிந்த தண்ணீர்ப் பையை அச்சடித்த காகிதத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். பைக்கு அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிந்தால் தண்ணீர் தெளிவு. படிக்க முடியாமல் கலங்கியிருந்தால் உள்ளே கிருமி. அந்தப் பையோடு உடனே மருத்துவமனைக்கு ஓடி வர வேண்டும்.

அடுத்த வேளைக்கு அவர் உள்ளே போனபோது, ஜெயசீலி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கதவருகே பெருக்கினாள். ஏற்கனவே பெருக்கிய இடம்தான். உள்ளே அவர் மெல்லிய குரலில் படிப்பது கேட்டது. காது கொடுத்தாள். குடும்ப ஜெபம். கல்யாணம் ஆன நாளிலிருந்து இருவரும் தினமும் மாலையில் சேர்ந்து சொல்லும் ஜெபம். சபையில் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை ஒட்டி வீட்டுக்கு ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். செய்தித்தாளில் தூசி இருக்கும், அட்டை என்றால் மருந்து தொட்டுத் துடைத்துக்கொள்ளலாம் என்று அதை எடுத்து வைத்திருக்கிறார். புத்திசாலித்தனம்தான் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"...வீட்டில் இருப்பவரையும் வழியில் இருப்பவரையும் காத்தருளும். தூரதேசம் போன பிள்ளைகளை நினைத்தருளும்..."

துடைப்பம் நின்றது. தூரதேசம் போன பிள்ளைகள் அந்த அட்டையில் இல்லை. புதிதாக வந்த போதகர் ஜெபம் நீளம் என்று அந்த வரியை எடுத்துவிட்டுத்தான் அச்சடித்தார். எபியை நினைத்து ஜெயசீலி அந்தப் போதகரோடு சண்டையே போட்டிருக்கிறாள்.

வகுப்பில் ஒரு பிள்ளை புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறதா, பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு ஒப்பிக்கிறதா என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே கண்டுபிடிப்பாள் அவள். ஞானையா படிக்கவில்லை.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். மாட்டிக்கொண்டாயா ஜெரூஷா, இதுதானா நீ சொல்லிக்கொடுத்த லட்சணம் என்று நெஞ்சு துள்ளியது. அடுத்த மூச்சில் அவர் இட்லியைப் பாதியில் வைத்தது ஞாபகம் வந்தது. கதவைத் தட்டினாள்.

"சீலி, உள்ள வராத! இன்னும் மூடி போடல."

"மூடியைப் போடுங்க முதல்ல. நீங்க படிக்கல, ஒப்பிக்கிறீங்க."

உள்ளே மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. பிறகு, "கையைக் கழுவிட்டு, மாஸ்க் போட்டுட்டு வா" என்றார்.

கழுவினாள். "முழங்கைவரைக்கும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மறுபடி கழுவினாள். செய்தித்தாளுக்குள் யாரோ செருகிவிட்டுப் போயிருந்த விளம்பர நோட்டீஸை எடுத்துக்கொண்டு அது அவர் அறையானபின் முதல் முறையாக உள்ளே போனாள். காற்றே இல்லாத அறை. பனியன் முதுகோடு ஒட்டியிருக்க, சின்ன ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஜெப அட்டையை உருவிவிட்டு நோட்டீஸைப் பைக்கு அடியில் தள்ளினாள்.

"இப்பப் படிங்க."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "வீடு... வீடு ஏதோ..." என்றார். அவளும் குனிந்து பார்த்தாள். அரிசி களைந்த தண்ணீர்போல இருந்தது பை. அடியில் இருந்தது வீட்டு விளம்பரமா, துணிக்கடைத் தள்ளுபடியா என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

"எழுத்து தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு சீலி" என்றார். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. திட்டுவதற்கு எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பையைத் தூக்கப் போனாள்.

"கொட்டிடாத. அதையும் எடுத்துட்டுப் போகணும். சோதனைக்குக் கேப்பாங்க. ட்யூபை இழுக்காம இரு, நான் கிளிப்பைப் போட்டுக்கறேன்."

வயிற்று வலியோடு, நிதானமாக, அவரே எல்லாவற்றையும் செய்தார். அந்த விரல்கள் இவ்வளவு கற்றிருக்கின்றன என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். பார்த்ததும் பெருமையாகத்தான் இருந்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் பொறாமையாகவே இருந்தது.

ஆட்டோவில் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜெரூஷாவிடம் கேட்க வேண்டியதைக் கூர் தீட்டிக்கொண்டே போனாள். கேட்கத் தேவைப்படவில்லை. பையைப் பார்த்ததும் ஆட்களை விரட்டி, சோதனைக்கு அனுப்பி, மருந்து ஏற்ற ஏற்பாடு செய்துவிட்டு வந்த ஜெரூஷா, "நல்ல நேரத்துல வந்தீங்க. எதை வெச்சு சார் படிச்சீங்க?" என்று கேட்டாள். அவர் சொன்னார். அந்தப் பெண் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"படிக்க முடியுதான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேன். எதைப் படிக்கிறீங்கன்னு ஒரு தடவைகூடக் கேக்கலையே நான்."

"மனப்பாடத்தை நான் கடைசி பெஞ்சுல இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்" என்றாள் ஜெயசீலி. தீட்டி வைத்திருந்ததில் மிச்சம் இருந்தது அதுதான்.

"அதான்மா முதல் நாள்லேர்ந்து கூப்பிடறேன், வாங்கன்னு."

போனாள். அந்தப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்து, துணிப் பொம்மையின் வயிற்றைக் கழுவக் கற்றுக்கொண்டாள். ஞானையா தேறி வந்த பிறகு, அந்த மூடிய அறையில் ஸ்டூல் இரண்டானது. பைக்கு அடியில் வைக்க ஒவ்வொரு நாளும் அவர் கண்ணில் படாத ஒரு துண்டை அவள் தேடி எடுப்பாள். மணமகள் தேவை, டெண்டர் அறிவிப்பு, காணவில்லை. "நிறம் மாநிறம், நல்ல குடும்பம்" என்று அவர் முகமூடிக்குள்ளிருந்து படிப்பார். "உங்களுக்கு இல்ல, அடுத்த வரிக்குப் போங்க" என்பாள். வியர்வை ஊற்ற ஊற்ற இருவரும் சிரிப்பார்கள். அப்போதும் ஜெரூஷாவோடு போன் பேச்சு நீண்டால் அவள் கடிகாரத்தைப் பார்ப்பது நிற்கவில்லை.

அப்படிச் சில வருஷங்கள் கிடைத்தன. பிறகு ஒரு காலை, வயிற்றுக்குச் சம்பந்தமே இல்லாமல், இதயம் நின்று ஞானையா போய்விட்டார்.

அடக்கம் முடிந்து, உறவுகள் கலைந்து, எபியும் ஊருக்குப் போனபின் ஜெரூஷா வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவள் ஏன் இவ்வளவு அழவேண்டும் என்று ஜெயசீலிக்கு அப்போதுகூடத் தோன்றியது. சுவரோரம் பிரிக்காத பெட்டிகள் நின்றன. நாவலூரில் சிட்டிபாபு என்று ஒருவர் புதிதாக இந்தச் சிகிச்சையை ஆரம்பித்திருக்கிறார், அவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாள் ஜெரூஷா.

"அந்த வீட்டம்மா கத்துக்கறாங்களா?"

"கூப்பிட்டா வரமாட்டேங்கறாங்கம்மா. கோவமா கதவுக்கு வெளியவே உக்காந்திருக்காங்க."

பெட்டிகள் போயின. ஜெயசீலி சிட்டிபாபு மனைவியின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, சில நாள் கழித்துக் கூப்பிட்டாள்.

"அலோ, யாரு?" பெயர் தனக்கோடி.

"அஸ்தினாபுரத்துலேர்ந்து ஜெயசீலி டீச்சர். ஜெரூஷா சிஸ்டர் நம்பர் குடுத்தாங்க."

"அந்தப் பொண்ணா? அத்தப் பத்திப் பேசாத மேடம். எங்கூட்டுக்காரரு இப்ப அது பேச்சுதான் கேக்கறாரு. கதவ சாத்திகினு உள்ள குந்திகினு கீறாரு. நான் போனா, 'மாஸ்க் போட்டுகினியா'ன்றாரு. அப்பால நான் எதுக்கு இந்த வூட்ல?"

பின்னால் ஓர் ஆண் குரல், கதவுக்குப் பின்னாலிருந்து மழுங்கிக் கேட்டது: "தனம், யாரு போன்ல?"

"தே, இரு! பேசிகினு கீறேன்ல?"

ஜெயசீலிக்குச் சொல்ல வந்தது மறந்துபோனது. எவ்வளவு சாதாரணமாக எரிந்து விழுகிறாள். எரிந்து விழ, கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்கிறார். யார்மேலும், ஜெரூஷாமேல்கூட, இப்படி ஒரு பொறாமை அவளுக்கு வந்ததில்லை. போனை வைத்துவிடலாமா என்று நினைத்தாள்.

"மேடம்? கீறியா?"

"இருக்கேன்மா. உங்க வீட்டுக்காரர் பைக்கு அடியில எதை வெச்சுப் படிக்கிறார்?"

"அத்த நான் எங்க கண்டேன்?"

"கையை நல்லா கழுவிட்டு, மாஸ்க் போட்டுட்டு, உள்ள போய்ப் பாருங்க. நான் லைன்ல இருக்கேன்."

தனக்கோடி ஏதோ முணுமுணுத்தாள். போனை எங்கோ வைக்கும் சத்தம். குழாய் திறந்தது. தண்ணீர் வெகுநேரம் ஓடியது. கதவு தட்டும் ஓசை. "இன்னா, நானும் வரக்கூடாதா?" என்றது அவள் குரல். ஆண் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள்.

ஜெயசீலி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வயிறு எரிய எரியக் கேட்டுக்கொண்டிருந்தாள்.