வாத்தியார் படிக்காத கடுதாசி

தங்கையா வாத்தியாருக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது தன் கையெழுத்து ஒன்றுதான். அதையும் நாளுக்கு ஒரு மாதிரி போடுவார். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரும் அவரே, உதவியாசிரியரும் அவரே, மணியடிப்பவரும் அவரே. அதனால் இந்த ரகசியம் பதினோரு வருஷம் பத்திரமாக இருந்தது. தெரிந்த ஒரே ஆள் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி மாடசாமி. துரைக்கு வாத்தியார் அனுப்பும் கடுதாசியெல்லாம் மாடசாமி டைப் அடித்தவை. அடியில் கையெழுத்து மட்டும் வாத்தியாருடையது.

அந்த வருஷம் தமிழாசிரியர் சங்கத் தலைமையகம் மலைக் கிளையிடம் ஒரு கேள்வி கேட்டது: ஆண்டு மாநாட்டை நீங்கள் ஏற்று நடத்துவீர்களா? மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். கிளை என்றால் மொத்தம் ஏழு பேர், செயலாளர் தங்கையா. மற்ற ஆறு பேரும் வேண்டாம் என்றார்கள். மலாயாவில் அவசரகாலம்; காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருந்தார்கள். லாரிகள் பட்டாளத்துக் காவலோடுதான் மலையேறின. அரிசிக்கு அளவு. நாலு பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ்காரன் அடையாளக் கார்டைக் கேட்டான். நாற்பது வாத்தியார்களைக் கூட்டினால் சும்மா விடுவானா?

தங்கையா விடவில்லை. மழை பெய்தால் அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்லும். அதை இதுவரை இன்னொரு வாத்தியார் வந்து பார்த்ததில்லை. தொழில் தெரிந்த ஒருத்தர் வாசலில் நின்று, "அடப்பாவி, இதுலயா பாடம் நடத்துற?" என்று கேட்டால் போதும், அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் பதினோரு வருஷம் நனையலாம் என்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோலா தெர்லாவுக்கும் கம்போங் ராஜாவுக்கும் காய்கறி லாரியில் தொற்றிக்கொண்டு போய், ஒவ்வொருவர் வீட்டிலும் உட்கார்ந்து பேசினார். கடைசியில், "துரை எழுத்துல சம்மதம் குடுத்தா உங்க தோட்டத்துலயே நடத்தலாம்" என்று இறங்கி வந்தார்கள்.

ஓட்டமாக ஆபீசுக்குப் போனார். மாடசாமி மறுநாளே டைப் அடித்து வைத்திருந்தார்.

"இங்க போடு வாத்தியாரே. அழகாப் போடு லா, துரை பாக்கப் போறாரு."

அழகாகவே போட்டார்.

துரையின் பதில் வந்ததும், உறையைப் பிரிக்காமலே பிரிஞ்சாங் டவுனில் கிளை கூடும் ஜப்பார் டீக்கடைக்குக் கொண்டுபோனார். எல்லார் முன்னாலும் பிரிக்க வேண்டும் என்ற ஆசை. பிரித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பது வேறு விஷயம். ஏழு பேரும் கூட்டமாகத் தெரியக்கூடாதென்று மூன்று மேசைகளில் அந்நியர்கள்போல உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கான்வென்டில் படித்த சாரதா டீச்சர்தான் கடுதாசியைப் பிரித்தார். பாதியில் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், துரைக்கு என்னன்னு எழுதினீங்க?"

"சம்மதம் கேட்டுத்தாம்மா."

"இந்த நேரத்துல மாநாடு ஆபத்து, சங்கத்துக்காரங்க கேட்டாலும் மறுத்துடுங்கன்னு நீங்க எழுதினீங்களாம். உங்க பொறுப்பைப் பாராட்டுறாரு. நீங்க கேட்டபடியே மறுத்துட்டாரு."

பக்கத்து மேசையிலிருந்து நாகப்பன் வாத்தியார் எழுந்தே விட்டார். "ஏன்யா, மூணு ஞாயித்துக்கெழமை எங்க வீட்டுல தோசை தின்னுட்டுப் பேசினது இதுக்குத்தானா? முன்னால எங்க கையப் புடிச்ச, பின்னால காலை வாரிட்டியே!"

தங்கையாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது.

சாரதா டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தி, "அதை அடிச்சது கிராணிதானே சார்? இப்பவே வேற எழுதுறேன். கிராணி மாத்தி எழுதிட்டாருன்னு துரைக்குத் தெரியட்டும். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார்.

கையெழுத்து மட்டும்! தங்கையாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. போட்டிருப்பார். ஆனால் போன மாதம் ஸ்டோரில் இரண்டு மூட்டை அரிசி குறைந்தபோது, அது காட்டுக்குப் போனதா என்று கேட்டு மாடசாமியைத்தான் மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவர் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. தோட்டத்துக்குள் நாற்பது அந்நியர் என்றால் அந்த மனிதனுக்குக் குலை நடுங்கத்தான் செய்யும். துரைக்கே பொய்க் கடுதாசி அடித்த கிராணி என்று தெரிந்தால், அடுத்த முறை மூன்று நாளோடு விடமாட்டார்கள். நாலு பிள்ளைகள் வேறு.

"கிராணி என்ன பண்ணுவான்? நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்" என்றார் தங்கையா. "பயந்துட்டேன்."

மாநாடு வேண்டாம் என்பதற்கு ஏழு கைகள் உயர்ந்தன. அந்தக் கிளையில் எதற்கும் ஏழு கைகள் சேர்ந்து உயர்ந்தது அதுதான் முதல்முறை. செயலாளர் வேலையை இனி நாகப்பன் பார்ப்பார் என்பதற்கு ஆறு.

திரும்பி வந்ததும் நேராக ஆபீசுக்குப் போனார். மாடசாமி டைப் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன வாத்தியாரே, துரை என்ன சொல்லிட்டாரு?"

"வேணாம்னுட்டாரு."

"அடடா!" மாடசாமி உச்சுக் கொட்டினார். "எவ்வளவு கெஞ்சி எழுதினேன் தெரியுமா? மனுசனுக்கு மனசே இல்ல லா."

"மாடா, அந்த நகல் இருக்கா? தமிழ்ல கொஞ்சம் சொல்லேன். கேக்கணும் போல இருக்கு."

மாடசாமி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு ஃபைலிலிருந்து தாளை உருவி, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒரே ஒரு இடத்தில் நாக்குத் தடுக்கினால் போதும், இப்போதே மன்னித்துவிடலாம் என்று தங்கையா காத்திருந்தார்.

"மதிப்புக்குரிய துரை அவர்களுக்கு. மழை பெய்யும்போது எங்கள் பிள்ளைகள் சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்கிறார்கள். இதை ஒருநாள், ஒரே ஒருநாள், மற்ற ஆசிரியர்களும் வந்து பார்க்கத் தாங்கள் பெரிய மனது வைத்து..."

விரல் வரி வரியாக நகர, தாளில் இல்லாத கடுதாசியை மாடசாமி கடைசிவரை வாசித்தார். எங்கேயும் தடுக்கவில்லை. இதை மட்டும் அனுப்பியிருந்தால் துரை சம்மதித்திருப்பார்.

தங்கையா எழுந்து, நாற்காலியை மேசைக்கடியில் ஒழுங்காகத் தள்ளிவைத்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க, கிராணியாரே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.