சும்மாதான் அடிச்சான்

எட்டு மாதத்துக்கு முன்னால் அக்கா சொல்லிவைத்த ஒரு சொல் இன்று மனநல மருத்துவமனை டாக்டரம்மாவின் மேசைமேல், கோப்புக்குள் உட்கார்ந்திருந்தது. அது சுத்தத் தமிழில் "காரணமின்றித் தாக்கினார்" என்று மாறியிருந்தது. அக்கா அப்படியா சொன்னாள்? தோள் எலும்பு முறிந்து அவசரப் பிரிவுக் கட்டிலில் கிடந்தபோது, விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், "சும்மாதான் அடிச்சான், விடுங்க சார்" என்றாள். தம்பிக்கு என் மேல் பகையில்லை, பெரிசு பண்ணாதீர்கள் என்று அதற்கு அர்த்தம். அவர் எழுதிக்கொண்டது வேறு.

அன்றிலிருந்து தம்பி இங்கேதான் இருக்கிறான். இன்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால் வீட்டுக்கு வருவான். இல்லாவிட்டால் நீண்டநாள் நோயாளிகள் பிரிவு. அங்கே போனவர்கள் திரும்புவது அபூர்வம்.

"காரணமே இல்லாம அடிக்கிறவரை எப்படிம்மா வீட்டுக்கு அனுப்புறது?" என்றார் டாக்டரம்மா. "மறுபடி குரல் ஏதாவது கேட்டுச்சா அவருக்கு?"

"இல்லம்மா. குரல் எல்லாம் மாத்திரையில அடங்கி மூணு வருஷமாச்சு."

"அப்போ அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?"

அக்கா புடவைத் தலைப்பை முறுக்கினாள். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே கட்டடத்தில் உளவியலாளர் அம்மா ஒருவர் தம்பிக்கு ஞாபகச் சோதனை வைத்தார். எண்களைச் சொல்லித் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். இரண்டு எண் வந்தது. மூன்றாவதில் அவன் நெற்றி வியர்த்துவிட்டது. "ஒரு நேரத்துல ஒண்ணு சொல்லுங்க. அவர் முடிக்கட்டும். அப்புறம் அடுத்தது. அவசரப்படுத்தினா பயந்துடுவார்" என்று அந்த அம்மா படித்துப் படித்துச் சொன்னார். அக்காவும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தாள்.

மூன்று வருடம் நன்றாகத்தான் கடைப்பிடித்தாள். அவளுடைய சலவைக் கடையில் விடுதிகளின் படுக்கை விரிப்புகளை மடிப்பது தம்பியின் வேலை. ஒரு விரிப்பு முடிந்த பிறகுதான் அடுத்தது. ஓரத்தோடு ஓரம் பிசகாது. கடைக்கு வருகிறவர்கள் கண்ணு வைக்கும் அளவுக்கு மடிப்பான்.

அன்று காலை இஸ்திரி போடும் பெண் வரவில்லை. வேன் பத்து மணிக்கு. அக்கா தம்பியின் கையில் இஸ்திரிப் பெட்டியைத் திணித்துவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வெளியே ஹாரன் அடித்தது. உள்ளே போன் அலறியது. போதாக்குறைக்குக் கருகல் வாசனை.

"வேன் வந்துடுச்சு, கதவைத் திற! அந்தப் போனை எடு! ஐயோ, துணி கருகுது, பெட்டியை நிறுத்துடா!"

ஒரே மூச்சில் மூன்று. தம்பி பெட்டியைத் துணியிலிருந்து தூக்கிப் பிடித்தபடி நின்றான். கதவைப் பார்த்தான். போனைப் பார்த்தான். கண் மட்டும் அலைந்தது, கால் நகரவில்லை.

"மரமண்டை! காதுல விழல?" என்று கத்தி, பின்னாலிருந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பினான். கையில் இருந்த பெட்டியும் திரும்பியது.

அவள் விழுந்தாள். தம்பி அவளைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தான். வேன்காரர் உள்ளே வந்து பார்த்துவிட்டு அலறினார். அக்காவை அடித்துப் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து கதவைத் திறந்தான் என்று அவர் சொன்னதும் கோப்பில் இருக்கிறது. கல்நெஞ்சுக்காரன் என்று தெருவே பேசியது.

எல்லாவற்றையும் அக்கா இன்றுதான் வாய்விட்டுச் சொன்னாள். காலரைப் பிடித்ததை, கத்தியதை, அந்த மூன்றை. "பெரிசு பண்ண வேணாம்னுதான் சும்மான்னு சொன்னேன்மா. அது முழு உண்மை இல்ல. என் தப்பு வெளியில வர வேணாம்னும் இருந்துச்சு. எட்டு மாசமா அதை முழுங்கிக்கிட்டு இருக்கேன்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. வாக்குமூலம் மாறினதால இப்போ நான் மட்டும் முடிவு பண்ண முடியாது, புதுசா எழுதி வாங்கி மறுபரிசீலனைக் குழுவுக்கு அனுப்பணும். அடுத்த கூட்டம் மூணு மாசம் கழிச்சு."

"அதுவரைக்கும்?"

"இங்கதான் இருக்கணும். அவங்க என்ன முடிவு பண்ணுவாங்கன்னு நான் இப்போ சொல்ல முடியாது."

பார்வையாளர் அறையில் தம்பி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அக்கா எதிரே உட்கார்ந்தாள். எப்போது வந்தாலும் சாப்பிட்டியா, தூங்கினியா, மாத்திரை போட்டியா என்று அடுக்குகிறவள் இன்று ஒன்றும் கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அவனே பேசினான். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசினான்.

"அக்கா. அன்னைக்கு நீ மூணு சொன்னே."

"ஆமாடா."

"கதவைத் திறந்துட்டேன்." நெற்றியைத் தேய்த்தான். "அதுக்கப்புறம் என்ன சொன்னே? தினமும் யோசிக்கிறேன். வரவே மாட்டேங்குது."

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. எட்டு மாதமாக இந்தப் பிள்ளை அவள் சொன்ன வேலையைத்தான் செய்து முடிக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"அவ்வளவுதான்டா சொன்னேன்," என்றாள். "கதவு மட்டும்தான்."

"அப்போ முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

தம்பியின் தோள் இறங்கியது. இத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தான். வாசலில் காவலர் சாவிக்கொத்தோடு வந்து நின்று, நேரமாகிவிட்டது என்றார்.

"நான் திறக்கவா, அக்கா?" என்று எழுந்தான் தம்பி.