நிறுத்தக் கூடாத ரத்தம்

சக்ஷன் பிடிப்பது சாதாரண வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் என் இடத்தில் நின்று பார்க்கட்டும். வாய் என்பது சின்னக் குழி. அதற்குள் பல் டாக்டரின் இரண்டு கை, ஒரு கண்ணாடி, துளை போடும் கருவி, பீய்ச்சியடிக்கும் தண்ணீர், சும்மா கிடக்க மாட்டேன் என்கிற நாக்கு. இத்தனைக்கும் நடுவில் உறிஞ்சும் குழாயை நுழைத்து, எச்சிலும் ரத்தமும் டாக்டரின் கண்ணை மறைக்காமல் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். ரத்தம் எட்டிப் பார்ப்பதற்குள் என் குழாய் அங்கே நிற்கும். தற்பெருமைதான். யார் இல்லையென்று சொன்னது?

இப்போதைய டாக்டர் எங்கள் கிளினிக்குக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். எதையும் படிக்காமல் தொட மாட்டாள். படித்துவிட்டாலோ விட மாட்டாள். அவளிடம்தான் என் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

தங்கை மகளுக்கு வீட்டில் சுண்டு என்று பெயர். ஒன்பது வயது. பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்து முன்பல்லில் அடி. மூலையில் ஒரு சில்லு போனதோடு சரி என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டோம். நான்கு மாதம் கழித்து ஈறில் ஒரு கொப்புளம் வந்தது. பல் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. வேறொரு கிளினிக்கில் பிடுங்கிவிடலாம் என்றார்கள். தங்கையும் தலையாட்டிவிட்டு வந்தாள். நான்தான் குறுக்கே விழுந்தேன்.

"பிடுங்குறதுக்கு என்னடி அவ்வளவு அவசரம்? எங்க டாக்டர் ஒரு தடவை பார்க்கட்டும்."

"நீ சொன்னா சரிக்கா. ஆனா அவ பல்லுக்கு நீதான் பொறுப்பு."

"நான்தான் பொறுப்பு, போதுமா?" என்றேன். வாய் எனக்கு எப்போதும் கொஞ்சம் நீளம்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். பல்லுக்குள் இருக்கும் உயிர்ச்சதை செத்துப்போயிருந்தது. பெரியவர்களுக்கு என்றால் ரூட் கெனால் செய்து அடைத்துவிடலாம். சுண்டுவுக்கு வேர் வளர்ந்து முடிவதற்குள்ளேயே அடிபட்டுவிட்டது. வேரின் சுவர் முட்டை ஓடு மாதிரி மெல்லிசு. நுனி மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

டாக்டர் என் தங்கையை உட்கார வைத்துப் பேசினாள். "இதை அப்படியே அடைச்சா கொஞ்ச நாள் நிக்கும். அப்புறம் ஒரு தட்டு தட்டினா உடைஞ்சிடும். இன்னொரு வழி இருக்கு. உள்ளே நல்லா சுத்தம் பண்ணிட்டு, வேர் நுனிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சதையை லேசாக் கீறி ரத்தம் வரவைக்கணும். அந்த ரத்தம் பல்லுக்குள்ள ஏறி உறையணும். ரத்தத்தோட வர்ற செல்லெல்லாம் அந்த உறைஞ்ச ரத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே புதுசா வளரும். பழைய சதை அப்படியே திரும்பி வரும்னு சொல்ல மாட்டேன். ஆனா உயிருள்ள சதை. வேரும் தடிக்கலாம்."

"பலிக்கலன்னா?"

"பிடுங்கத்தான் வேணும்மா."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன்.

முதல் தடவை சுத்தம் செய்து, மருந்து வைத்து மூடினோம். நான்கு வாரத்தில் கொப்புளம் வற்றிவிட்டது. இரண்டாவது தடவைக்கு நான் முதல் நாளே எல்லாம் எடுத்து வைத்தேன். வழக்கமான மரப்பு ஊசியில் ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து கலந்திருக்கும். அது போட்டால் ரத்தம் வராது. அதனால் அந்த மருந்து கலக்காத ஊசியை டாக்டர் கேட்பதற்கு முன்பே தட்டில் வைத்திருந்தேன். "சூப்பர் சிஸ்டர்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு போட்டாயிற்று. சுண்டு பேச முடியாமல் கண்ணை உருட்டிக்கொண்டு படுத்திருந்தாள். டாக்டர் மெல்லிய ஊசியை வேர் நுனியைத் தாண்டி இறக்கி, இரண்டு தடவை கீறினாள். அடியிலிருந்து சிவப்பாக ஏறியது. பாதி, முக்கால், பல்லின் கழுத்து வரைக்கும். டாக்டர் மூச்சை விட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்க்கத் திரும்பினாள்.

அந்த ஒரு நொடிதான். சர்ரென்று ஒரு சத்தம். பல்லுக்குள் எட்டிப் பார்த்தேன். பளிச்சென்று காலியாக இருந்தது. என் குழாய்தான் உறிஞ்சியிருந்தது. ரத்தத்தைக் கண்டதும் கை தானாகப் போய்விட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சிஸ்டர்!"

நான்கு வருஷத்தில் டாக்டர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றைக்கு மட்டும்தான். அடுத்த நிமிஷமே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பரவாயில்ல. இன்னொரு தடவை பார்ப்போம்" என்றாள். நான் குழாயைக் கொக்கியில் மாட்டினேன். சுண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் என் கையை நான் நம்பவில்லை.

டாக்டர் கீறினாள். வரவில்லை. மறுபடி கீறினாள். நுனியில் மினுக்கியதோடு நின்றுவிட்டது. மரப்பு குறைய ஆரம்பித்திருக்க வேண்டும், சுண்டு என் விரலை நெரித்தாள். இருபத்திரண்டு வருஷமாக ரத்தத்தை ஒரு சொட்டு விடாமல் விரட்டியவள், வா வா என்று மனசுக்குள் கெஞ்சினேன். மூன்றாவது கீறலுக்கு வந்தது. மெதுவாக ஏறியது. பத்து நிமிஷம் மூவரும் அசையவில்லை. உறைந்தது. அதன் மேல் வெள்ளைச் சிமென்ட் வைத்து டாக்டர் பல்லை மூடினாள்.

வெளியே தங்கை காத்திருந்தாள். "ரெண்டு தடவை பண்ண வேண்டியதாப் போச்சு. இப்ப நல்லா உறைஞ்சிருக்கு" என்று டாக்டர் முடித்துவிட்டாள். என்னைக் காப்பாற்றத்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பொறுப்பு என்று சொன்ன வாய் அல்லவா?

"முதல்ல வந்த ரத்தத்தை நான் உறிஞ்சிட்டேன்டி. கைப்பழக்கம்."

தங்கை முகம் மாறியது. "உன் கைப்பழக்கத்துக்கு என் பொண்ணு பல்லுதான் கிடைச்சுதா?" என்றாள். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது. போன் செய்தால் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன், தண்ணீர் கொடுத்தாள், வார்த்தை கொடுக்கவில்லை. கோபமும் வந்தது எனக்கு, அழுகையும் வந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் தண்ணீர்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

மூன்றாம் மாதம் பரிசோதனைக்கு அவள் வீட்டுக்காரர்தான் கூட்டிவந்தார். எக்ஸ்ரேயில் ஒரு மாற்றமும் இல்லை. ஆறாம் மாதமும் அவர்தான். சுவர் தடித்த மாதிரி எனக்குப் பட்டது. "ஆசையில பார்க்காதீங்க சிஸ்டர்" என்றாள் டாக்டர். இதற்கிடையில் இதே சிகிச்சைக்கு இன்னும் இரண்டு குழந்தைகள் வந்தார்கள். டாக்டர் ஊசியை எடுத்ததும் நான் குழாயைக் கொக்கியில் மாட்டி, "மாட்டியாச்சு" என்று உரக்கச் சொல்லி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவேன். போலீசில் மாட்டியவள் மாதிரி இருக்கும். குழந்தைகள் சிரிக்கும். யாரும் சொல்லி வந்த சட்டம் இல்லை, நானே எனக்குப் போட்டது. இரண்டு பல்லிலும் முதல் தடவையே உறைந்தது.

ஒரு வருஷம் முடிந்ததும், சுண்டுவின் அம்மா கட்டாயம் வர வேண்டும் என்று டாக்டரே போன் செய்தாள். தங்கை வந்தாள். என்னைத் தாண்டி நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

எக்ஸ்ரே திரையில் வந்தது. பழைய படத்தையும் புதியதையும் டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முட்டை ஓடாக இருந்த சுவர் கனத்திருந்தது. பிளந்து கிடந்த நுனி கூம்பி மூடியிருந்தது. எங்கள் கிளினிக்கில், என் கண் முன்னால், ஒரு குழந்தையின் பல் தன்னைத்தானே கட்டி முடித்திருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தப் பெருமையில் என் பங்கு எவ்வளவு என்று அப்போது நான் கணக்குப் பார்க்கவில்லை.

"வேர் வளர்ந்திருக்கு. உணர்ச்சி இருக்கான்னு பார்க்கணும். நிறையப் பேருக்கு அது திரும்பறதில்ல, வரலைன்னாலும் கவலைப்படாதீங்க" என்றாள் டாக்டர். பஞ்சில் குளிர் மருந்தை அடித்து என்னிடம் நீட்டினாள். "நீங்களே வைங்க சிஸ்டர்."

தங்கை ஒதுங்கி வழிவிட்டாள். நான் முதலில் பக்கத்து நல்ல பல்லில் வைத்தேன். சுண்டு உடனே கையைத் தூக்கினாள். பிறகு அடிபட்ட பல்லில் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். நான்கு. ஐந்து. பஞ்சை எடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சுண்டு துள்ளினாள். "பெரியம்மா, எடு, எடு! கூசுது!"

டாக்டர் முகக்கவசத்துக்குள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. எனக்குப் பஞ்சைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை. தங்கை என் கையைப் பிடித்தாள். அவள் முகமெல்லாம் கண்ணீர்.

"அக்கா," என்றாள். "இன்னொரு தடவை வச்சுக் காட்டுக்கா."

சுண்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.