ஐந்து நிமிடம் பொறுக்காத புரோகிராம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "தர்மபுரின்னா வறட்சிய எழுதுங்க, பெங்களூருக்கு மூட்டை கட்டுறவங்கள எழுதுங்க. ஜாவா புரோகிராமை எவன் சார் படிப்பான்?" என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் போனில் சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் நான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: காரிமங்கலம் சந்தையில் மழை பிடித்துக்கொண்ட அந்தக் காலை, வெண்மதி தன் —

இல்லை. வெண்மதிக்குச் சந்தையில் ஒரு வேலையும் கிடையாது. ஆசிரியருக்குப் பயந்து நான்தான் அவளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினேன்.

2

வெண்மதி கடத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரி. வீட்டில் உட்கார்ந்தபடியே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். அந்தக் கம்பெனியின் புரோகிராம்தான் அவளுடைய ஊர்ப் பால் சொசைட்டியிலும் ஓடுகிறது. குளிர்விக்கும் டேங்கில் பால் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்த்துச் சீட்டு அடித்துத் தரும். சீட்டு இல்லாமல் டேங்கர் லாரி பாலை ஏற்றாது. கையால் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது.

கரண்ட் போனால் சொசைட்டி கம்ப்யூட்டரும் படுத்துவிடும். கரண்ட் வந்த பிறகு புரோகிராம் எழுந்து உட்காரப் பதினோரு நிமிடம் ஆகும். டிரைவர் காளியப்பன் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கமாட்டார். அவருக்கு இன்னும் ஆறு ஊர் இருக்கிறது, அவரைக் குறை சொல்லவும் முடியாது.

"என்ன கண்ணு, உன் மிஷினு இன்னும் எந்திரிக்கலயா?" என்றார் சொசைட்டி செயலாளர் கோவிந்தம்மாள் ஒரு நாள் காலை, கம்ப்யூட்டர் முன்னால் நின்ற வெண்மதியிடம்.

"இன்னும் ஒரே நிமிஷங்க்கா."

"அவரு வண்டிய எடுத்துட்டாரு, பாரு."

அன்று முழுக்க டேங்க் நிறைந்தே கிடந்தது. சாயங்காலம் கறந்த பாலை ஊற்ற இடமில்லாமல் அறுபது வீட்டுக்காரர்கள் கேனோடு திரும்பிப் போனார்கள். அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை. ஒருவரும் வெண்மதியைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

3

(இங்கே ஓர் அடிக்குறிப்பு வேண்டும். பக்கத்தின் அடி வரைக்கும் போக எனக்குப் பொறுமையில்லை, நடுவிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினோரு நிமிடத்துக்குக் காரணம் கன்டெய்னர். அது, புரோகிராமின் பகுதிகளைத் தனித்தனி மாட்யூல்களாக வைத்துக் கட்டி மேய்க்கும் இன்னொரு பெரிய புரோகிராம். எந்தப் பகுதியும் தனக்கு வேண்டியதைத் தேடிப் போகாது. வெளியிலிருந்து கையில் கொடுக்கப்படும். கொடுக்க வேண்டிய பொருள் இன்னும் வந்து சேரவில்லையா? ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் காத்திருக்கும். மீதி நேரம் கன்டெய்னரே எழுந்து உட்கார ஆகும்.)

நூறு மாட்யூல் ஓடும் இடத்தில் இத்தனை ஏற்பாடும் தேவைதான். ஒரு டேங்க், ஒரு தெர்மாமீட்டர், ஒரு பிரிண்டர் வைத்திருக்கும் சொசைட்டிக்கு எதற்கு? கன்டெய்னர் இல்லாமலே ஓட்டலாம் என்று வெண்மதி மெயில் போட்டாள். "டீம் பார்க்கும், வெயிட் பண்ணுங்க" என்று பதில் போட்டார் மேனேஜர் குரு. இரண்டு மாதம் வெயிட் பண்ணினாள்.

மூன்றாவது தடவை கேன்கள் திரும்பிய மறுநாள் அவள் யாரையும் கேட்கவில்லை. வேண்டியதை எடுத்துக் கையில் கொடுக்க மட்டும் ஒரு சின்ன லைப்ரரியை, அதாவது முன்பே யாரோ எழுதிவைத்த துணைப் புரோகிராமை, வைத்துக்கொண்டாள். டேங்க், தெர்மாமீட்டர், பிரிண்டர் ஆகிய மூன்றுக்குமான பகுதிகளைக் கன்டெய்னரிலிருந்து வெளியே எடுத்துச் சாதாரண ஜாவா புரோகிராமாக ஓடவிட்டாள். ஓடிய வேகத்தில் நின்றது. திரையில் ஒரே வரி: தெர்மாமீட்டர் இல்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்டெய்னருக்குள் இதே குறைக்கு ஐந்து நிமிடம் மென்று முழுங்கியிருக்கும். வெளியே வந்ததும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. தெர்மாமீட்டரை முதலில் திறக்கும்படி வரிசையை மாற்றினாள். நான்கே விநாடியில் புரோகிராம் எழுந்து, சீட்டும் வந்தது.

4

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து? கதாபாத்திரத்துக்கு வேண்டியதை வெளியிலிருந்து கொடுப்பதுதானே எழுதுகிறவர் தொழில்? ஆகவே சென்னையில் இன்னொரு வேலை வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். [அடித்துவிட்டேன். இன்னொரு வேலை கையில் இருந்தால் அதற்குப் பெயர் துணிச்சலா?] குருவுக்கு ஒரு நல்ல மனசு கொடுத்தேன். [அதையும் அடித்துவிட்டேன்.] அவள் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. பயம் இருந்தது. பயந்துகொண்டேதான் ஓட்டினாள்.

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்று: குரு நேரில் வந்து, பாலைக் குடித்துப் பார்த்து, கண் கலங்கி — சீ. இன்னொன்று: வெண்மதி இரவோடு இரவாகப் பழையதையே மாட்டிவிட்டு — அதுவும் வேண்டாம்.

நடந்தது இது. புதுசு ஓடத் தொடங்கிய எட்டாம் நாள் காலை. கரண்ட் போய் வந்திருந்தது, சீட்டு அடித்தாகிவிட்டது, காளியப்பன் டேங்கில் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார். சொசைட்டி வாசலில் நின்ற வெண்மதியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் குருவின் குரல்.

"கன்டெய்னரத் தூக்கியிருக்கீங்க. இப்பவே பழசப் போடணும், இல்லன்னா லேப்டாப்ப ஒப்படைச்சுட்டுப் போயிடுங்க. யாரு உங்களுக்கு அப்ரூவல் குடுத்தது?"

வெண்மதி வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற கோவிந்தம்மாள் எட்டிப் போனைப் பிடுங்கினார்.

"நாந்தாங்க குடுத்தேன். நான் இந்த சொசைட்டி செகரட்டரிங்க. அந்தப் புள்ள நாங்க சொன்னதத்தான் செஞ்சுச்சு. எதுவா இருந்தாலும் எங்களக் கேளுங்க."

தப்பிக்க அருமையான வழி. நான்கூடப் பேனாவை மூடப் பார்த்தேன். வெண்மதி மெதுவாகப் போனைத் திருப்பி வாங்கினாள்.

"அக்கா என்னக் காப்பாத்தப் பாக்கறாங்க, குரு. யாரும் அப்ரூவல் குடுக்கல. நானேதான் செஞ்சேன். பழசப் போடமாட்டேன்."



அதற்குப் பிறகு குரு என்ன சொன்னார் என்று எழுத எனக்கு எல்லா உரிமையும் உண்டு. எழுதமாட்டேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் வேலையைப் பறியுங்கள், இல்லை மேனேஜர் நாற்காலியிலேயே உட்கார வையுங்கள், உங்கள் இஷ்டம். அவளை மன்னிப்புக் கேட்க வைத்தீர்களோ, அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன்.