நீல அட்டைக் கைநாட்டு

மூன்று தடவை கண்டியிலுள்ள தொழில் அலுவலகத்துக்குப் போய் வந்தும் அங்கே இருந்த மெஷின் மூக்காயியின் விரலைச் சட்டை செய்யவில்லை. பச்சை வெளிச்சம் போட்ட ஒரு கண்ணாடி. அதில் விரலை வைத்தால் ரேகை விழ வேண்டும். மூக்காயி வைத்தால் ஒன்றும் விழவில்லை. தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தாறு வருசம் கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை எங்கே மிஞ்சும்? ஐந்து பிள்ளை பெற்ற தாய்க்குக்கூட அவ்வளவு தேய்மானம் இருக்காது. வேலையை விட்டு நாலு வருசமாகிவிட்டது, ஈ.பி.எப். என்ற சேமநிதிக் காசு மட்டும் கைக்கு வந்தபாடில்லை.

காசு வராமல் இனி முடியாது என்ற நிலைமை. தம்பி மகனுக்குத் தை மாதம் கல்யாணம். லயத்தில் அவள் இருந்த ஒற்றையறைக் காம்பராவை அவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். மூக்காயிக்கென்று தோட்டத்தில் ஏழு பேர்ச்சஸ் காணி கிடைத்திருந்தது. அதில் அத்திவாரம் மட்டும் போட்டு, மழையில் புல் முளைத்துக் கிடந்தது. கல்யாணம் செய்யாத மனுசி. அறுபத்து நாலு வயதில் தனக்கென்று ஒரு கதவும் ஒரு பூட்டும் வேண்டுமென்று ஆசைப்பட்டாள். அதில் என்ன தப்பு?

அவள்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வத்தேகமையிலிருக்கும் கலாராணிக்குப் போன் எடுத்தாள். கலாராணி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"கலா, நீ வந்தாத்தான் புள்ள இந்த வேல ஆகும். வெரலு விழலன்னா பழைய அட்டையப் பாப்பாங்களாம். அதுல இருக்கிறது ஒன்னோட கையில்ல?"

தேங்காய் மூடியைக் கீழே வைத்துவிட்டுக் கலாராணி போனோடு பின்கதவுப் பக்கம் போனாள். நாற்பது வருசத்துக்கு மேலாக யாரும் வாய் திறக்காத சங்கதி அது.

கதை இதுதான். பன்விலைக்கு மேலே அந்தத் தோட்டத்தில் இரண்டு பேரும் அடுத்தடுத்த காம்பரா. மூக்காயி இரண்டு வயது மூத்தவள். அப்பனும் ஆத்தாளும் செத்துப்போய், சின்னப் பயலான ஒரு தம்பியோடு நின்றவள். இருபது வயதில் மலைச்சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். வேலைக்குப் போகாவிட்டால் வேலைக்காரர் பட்டியலான செக்றோலில் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் காம்பராவும் போகும். கலாராணிக்கோ வேறு தலைவலி. அவளுடைய அப்பா இந்தியாவுக்குத் திரும்பிப் போக எழுதிப் போட்டிருந்தார். போகப்போகிறவர்களுக்குப் புதிதாகப் பேர் பதிய முடியாது என்று தோட்டத்தில் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் கப்பலும் நின்றுபோனது, இங்கே பிரஜாவுரிமையும் இல்லை, வேலையும் இல்லை. ஒருத்தியிடம் பேர் இருந்தது, உடம்பு இல்லை. மற்றவளிடம் உடம்பு இருந்தது, பேர் இல்லை. கங்காணிதான் வழி சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை "மூக்காயி" என்று கூப்பிட, கலாராணி "ஆமாங்க" என்றாள். கங்காணிக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், லயத்து நாய்க்குக்கூடத் தெரியும். தொரைக்கு மட்டும் தெரியாது. அவருக்குக் கூடையில் கொழுந்து இருந்தால் போதும். அப்படியே எட்டு வருசம் ஓடியது.

அந்த எட்டு வருசத்தை நினைத்தால் கலாராணிக்கு இப்போதும் மனசு இளகிவிடும். விடியக் காலையில் மூக்காயி படுத்தவாக்கிலேயே அடுப்பை ஊதி, ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பலோடு மடித்துக் கொடுப்பாள். கலாராணி இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு இறங்குவாள். ஹுளுகங்கை ஆற்றுப் பக்கமிருந்து ஏறும் பனியில் முன்னால் போகிறவளின் கூடை மட்டும்தான் தெரியும். சாயங்காலம் திரும்பினால் மூக்காயி கதவடியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். ஒரு பக்கம் அவளுடைய தம்பி, மடியில் கலாராணிக்குக் கல்யாணமாகிப் பிறந்த மகன் ஜெயராஜ். அந்தப் பயல் பெற்றவளைவிட அவளிடம்தான் ஒட்டுவான். சம்பள நாளில் காசைப் பாயில் கொட்டிச் சரிபாதி பிரிப்பார்கள். எவளுடைய உழைப்பு பெரிது என்று ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை. இப்போது வத்தேகமையில் ஓட்டு வீடும் டைல்ஸ் தரையும் இருக்கின்றன. அந்தப் பாயில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு மட்டும் இல்லை.

சம்பளத்தில் ஈ.பி.எப். என்று நூற்றுக்கு எட்டு வீதம் பிடிப்பார்கள். தோட்டம் தன் பங்குக்குப் பன்னிரண்டு வீதம் போடும். கிழவியான பிறகு வரும் காசுக்கு இருபது வயதில் யார் கவலைப்பட்டார்கள்? "கெடந்துட்டுப் போகுது" என்று விட்டுவிட்டார்கள். ஒருநாள் நீல அட்டையும் மைப்பெட்டியுமாக ஒரு ஐயா பெரட்டுக் களத்துக்கே வந்து உட்கார்ந்தார். மூக்காயி என்ற பேருக்கு நேரே கலாராணி பெருவிரலை வைத்தாள். விறகு வெட்டப் போய்க் கத்தி பட்ட குறுக்குத் தழும்பு அந்த விரலில் இருந்தது. அதுவும் அப்படியே அட்டையில் விழுந்தது.

பிறகு பிரஜாவுரிமை கிடைத்தது, அடையாள அட்டை கிடைத்தது. கலாராணி சொந்தப் பேரில் கண்டியில் மஹ்மூத் முதலாளியின் புடவைக் கடைக்கு வேலைக்குப் போனாள். மூக்காயியும் இடுப்பு தேறி, நொண்டிக்கொண்டே தன் பேருக்குத் தானே வேலைக்கு இறங்கினாள். தோட்டம் அரசாங்கத்திடமிருந்து கம்பனிக்குப் போனது. ஈ.பி.எப்.பும் சும்மா இருக்கவில்லை. அட்டை போய்ப் பேரேடு வந்தது, பேரேடு போய்க் கொம்பியூட்டர் வந்தது. வீடு கட்டக் கொஞ்சத்தை முன்னாலேயே எடுக்கலாம் என்றார்கள். கலாராணியின் வீட்டுக் கூரை அப்படி வந்ததுதான். இப்போது விரல் என்கிறார்கள். எல்லாம் நல்லதுக்குத்தான். ஆனால் ஒவ்வொரு தடவை புதிதாக எழுதும்போதும் பழைய ஆள் ஒருவர் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறார். இந்தத் தடவை அது மூக்காயி.

போனில் பேசியதை மகன் ஜெயராஜிடம் சொன்னாள். அவன் கணக்கில் கெட்டிக்காரன்.

"அந்த எட்டு வருசமும் ஒங்க ஒழைப்பும்மா. வட்டியோட எவ்வளவு வரும் தெரியுமா? போறதுதான் போறீங்க, பாதியாச்சும் கேளுங்க."

நீ யாருடைய மடியில் கிடந்து வளர்ந்தாயடா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. ஏனென்றால் அந்த நினைப்பு அவளுக்குள்ளும் இருந்தது. தன் காசு இன்னொருத்தியின் பேரில் கிடக்கிறதே என்ற உறுத்தல், வெட்கம்கெட்ட உறுத்தல், எப்போதிருந்தோ இருந்தது. எப்படிக் கேட்பது என்று இரவெல்லாம் வார்த்தை தேடி, "அந்த எட்டு வருசத்துக்கு ஏதாச்சும் பாத்துக் குடு அக்கா" என்ற ஒரு வரியைத் தயார் செய்துகொண்டாள்.

வியாழக்கிழமை பன்விலை பஸ்ஸில் மூக்காயி வந்தாள். வத்தேகமையில் கலாராணி ஏறிக்கொண்டாள். மூக்காயி ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டு நகர்ந்து உட்கார்ந்து, ஒரு பார்சலை மடியில் வைத்தாள். திறந்து பார்க்கத் தேவையில்லை, ரொட்டியும் கட்டைச் சம்பலும்தான். தயார் செய்த வரியை விட்டுவிட்டுக் கலாராணி தம்பி மகனின் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தாள்.

மூக்காயியின் யோசனையோ பயங்கரமாக இருந்தது. கண்ணாடி இருக்கும் மேசை தாழ்வாம். தனக்குப் பக்கத்தில் நின்று, ஐயா கொம்பியூட்டரைப் பார்க்கும் நேரத்தில் கலாராணி தன் விரலைச் சட்டென்று வைத்துவிட வேண்டுமாம். அன்றைக்கு வைத்தவள்தானே, இன்றைக்கும் வைத்தால் பொருந்திவிடும் என்றாள். இந்த வயதில் நம்மை உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று கலாராணி காதோரம் சொன்னாள். உண்மையைச் சொன்னால் மட்டும் காசு தருவார்களா, எல்லாமே கள்ளப் பதிவு என்று வெட்டிவிட்டால் தன் முப்பத்தாறு வருசமும் போய்விடுமே என்றாள் மூக்காயி. 

அலுவலகத்தில் நம்பர் துண்டு எடுத்துக் கதிரையில் உட்கார்ந்தார்கள். கூப்பிட்ட மேசையில் ரிஸ்மி என்ற உத்தியோகத்தர் இருந்தார். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், பொறுமையான மனுசர். மூக்காயியின் பத்து விரலையும் ஒன்று மாற்றி ஒன்றாகக் கண்ணாடியில் வைக்கச் சொன்னார். ஈரத்துணியால் துடைத்தும் பார்த்தார். மூக்காயி கலாராணியின் சேலையை இரண்டு தடவை இழுத்தாள். கலாராணி கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

ரிஸ்மி சளைக்காமல் பழைய அட்டையின் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். அந்தப் பெருவிரல் திரை முழுவதும் வந்து நின்றது. இளசான, வளைவு வளைவான ரேகை. நடுவில் குறுக்காக வெள்ளைத் தழும்பு. நாற்பது வருசத்துக்கு முந்திய தன் கையைப் பார்த்ததும் கலாராணிக்குக் கண் கலங்கியது. எவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது இந்தக் கை என்றுதான் முதலில் தோன்றியது.

அவர் மூக்காயியின் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். தழும்பு இல்லை. மறுபடி திரையைப் பார்த்தார். இது உங்களுடைய கைதானா என்று மெதுவாகக் கேட்டார். மூக்காயி கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கதிரை விளிம்பைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்ததும் கலாராணிக்கு ஒரு வீம்பு வந்தது. முந்தானையிலிருந்து கையை எடுத்து மேசைமேல் மல்லாக்க வைத்தாள்.

"அது என் கை சேர். இவங்க மேல குத்தமில்ல. இவங்க பேருல நான் எட்டு வருசம் வேல செஞ்சேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். இடுப்பு உடைந்தது, இந்தியாவுக்கு எழுதியது, கங்காணி வழி சொன்னது, பெரட்டில் பேர் கூப்பிட்டது. ரிஸ்மி குறுக்கே பேசவில்லை. தோட்டத்து ஃபைல்களில் இந்த மாதிரி இதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன் என்று மட்டும் கடைசியில் சொன்னார். மூக்காயி தானே செய்த வேலைக்கு அடையாள அட்டையும் தோட்டத்துக் கடிதமும் இருப்பதால் அந்தக் காசை யாரும் பறிக்க முடியாது. விரல் விழாததற்குத் தனிப் படிவம் உண்டு. இடையில் இருக்கும் எட்டு வருசத்துக்குத்தான் இரண்டு பேரும் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். மேலே அனுப்பி முடிவெடுப்பார்கள்.

மூக்காயி அப்போதுதான் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த எட்டு வருசம் யாருக்குச் சேரணும்னு எழுதட்டும்?" என்று கேட்டார் ரிஸ்மி.

இதைவிட நல்ல சமயம் வராது. அந்த வரி கலாராணியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அவர் அட்டைப் படத்தைக் கீழே இறக்கி, கைநாட்டுக்கு அடியில் இருந்ததை வாசித்தார். அங்கத்தவருக்குப் பிறகு காசு யாருக்குச் சேர வேண்டும் என்ற இடம் அது.

"கலாராணி, உறவு தங்கச்சி. இது நீங்கதானா?"

கலாராணிக்கு முகம் சூடாகிவிட்டது. அவளுக்கே மறந்துபோயிருந்தது. அன்றைக்கு அட்டை எழுதிய ஐயா, நீ செத்தால் இந்தக் காசு யாருக்கம்மா என்று கேட்டார். மூக்காயியாக நின்றவள் கொஞ்சமும் யோசிக்காமல் தன் பேரையே சொல்லிவிட்டாள். மூக்காயிக்குப் பதின்மூன்று வயதில் ஒரு தம்பி இருந்ததுகூட ஞாபகம் வரவில்லை. மூக்காயியிடம் இதை இன்றுவரை சொன்னதில்லை. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் மேசையையே பார்த்தாள்.

"அவதான் சேர்," என்றாள் மூக்காயி.  "கம்பனிக்காரங்க புதுசா எழுதுறப்ப கிளாக்கரு வாசிச்சுக் காட்டுனாரு. தம்பி பேருக்கு மாத்தவான்னு கேட்டாரு. இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

அதாவது இத்தனை வருசமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இவள் பாதி கேட்கலாமா கால்வாசி கேட்கலாமா என்று வத்தேகமையில் புரண்டுகொண்டிருந்தபோது, அங்கே ஒருத்தி மொத்தத்தையும் இவள் பேரிலேயே விட்டுவைத்திருக்கிறாள். கலாராணிக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அந்த எட்டு வருசத்தையும் அக்காவுக்கே எழுதுங்க சேர். நான் மலையில நின்னேன், அக்கா எம்புள்ளய வளத்தாங்க. ரெண்டும் வேலதான்."

"அப்ப சம்பளம் எப்புடிப் பிரிச்சோம்?" என்று மூக்காயி அவள் பக்கம் திரும்பினாள். "சரிபாதி. சேர், சரிபாதின்னு எழுதுங்க. அவ கெடக்குறா."

ரிஸ்மி அப்படியே எழுதினார். வாக்குமூலத்தில் கலாராணி கையெழுத்துப் போட்டாள். மூக்காயி மையில் விரலை அமுக்கி வைத்தாள். ஒரு வரிகூட இல்லாமல் வெறும் நீல வட்டமாக அது விழுந்தது. அதுவே போதும் என்றார்.

வெளியே வந்து, வாவிக்கரையில் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து ரொட்டிப் பார்சலைப் பிரித்தார்கள். சம்பலில் உறைப்பு கொஞ்சமும் குறையவில்லை. பாதி ரொட்டியில் மூக்காயி நிறுத்தினாள்.

"ஏன் புள்ள, அன்னைக்கு அந்த ஐயா கேட்டப்ப எதுக்கு ஒம் பேரையே சொன்ன? நான் சாகட்டும்னா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தாள். கலாராணி யோசித்துப் பார்த்தாள். காசாசை என்று சொல்லிவிடலாம், அதிலும் பாதி உண்மை இருந்திருக்கும். ஆனால் பெரட்டுக் களத்தில், காலைப் பனியில், மைப்பெட்டிக்கு முன்னால் நின்ற அந்தப் பெண்ணை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அன்னைக்கு நான் நீயாத்தானேக்கா நின்னேன். நீ யாரு பேரச் சொல்லியிருப்பியோ, அதத்தான் சொன்னேன்."

மூக்காயி ரொட்டியை மடியில் வைத்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். விரலில் ஒட்டியிருந்த மை கன்னத்தில் நீலமாக இழுத்துக்கொண்டது.

"சரியாத்தான் சொல்லியிருக்க," என்று மிச்ச ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினாள்.